திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு: பயந்து ஓட்டுபவருக்கு எந்தப் பாதை?

முதல் முறையாகத் தனியே கொழும்புக்குக் கார் ஓட்டப்போவதாகவும், வரைபடச் செயலி காட்டும் குறுக்குவழியில் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பத்து நிமிடம் மிச்சம் பிடிக்க முன்பின் தெரியாத ஒழுங்கைகளில் எதிரே வரும் டிராக்டருக்கு வழிவிட்டுத் தடுமாற வேண்டியதில்லை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போகும் ஏ6 வீதியே போதும்.

பாதையைவிடப் புறப்படும் நேரம்தான் முக்கியம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே காடு. அந்தி சாய்ந்தால் யானை வீதிக்கு வரும். நன்றாக விடிந்தபின் கிளம்புங்கள். யானை நின்றால் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், படமெடுக்க இறங்கவே இறங்காதீர்கள்.

உண்மையான சோதனை தம்புள்ளைக்குப் பிறகு வரும் தனியார் பஸ்கள்தான். பின்னால் வந்து ஹாரனை அலறவிட்டால் வேகத்தைக் கூட்டாதீர்கள். இடப்பக்கம் சிக்னல் போட்டு, ஓரங்கட்டி, போகவிடுங்கள். மானம் ஒன்றும் போய்விடாது.

குருநாகல் அருகே அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி மீரிகமையில் இறங்கலாம். 2022இல் திறந்த பகுதி அது. பலர் அஞ்சுகிறார்கள்; எனக்கோ அதுதான் பயணத்தின் சுலபமான பகுதி. எதிரே வாகனமில்லை, முச்சக்கர வண்டியில்லை. இடது தடத்திலேயே நிதானமாகப் போங்கள்.