டிப்ரஷன் (மனச்சோர்வு) அறிகுறிகளைக் கேட்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் 14 வந்தால் டிப்ரஷன் என்று அர்த்தமா? வீட்டிலேயே நிரப்பியதை எவ்வளவு நம்பலாம்?

14 என்ற எண்ணை மட்டும் வைத்து உங்களுக்கு டிப்ரஷன் என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு டாக்டரையோ மனநல ஆலோசகரையோ போய்ப் பார்க்க வேண்டிய அளவுக்கு இருக்கிறது, அவ்வளவுதான் அது சொல்லும். நான் ஆலோசகராக இருப்பதால் நிரப்பிய தாள்கள் அடிக்கடி கைக்கு வரும். கூட்டுத்தொகையை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

இந்தத் தாளை ராபர்ட் ஸ்பிட்சர், கர்ட் க்ரோன்கே, ஜேனட் வில்லியம்ஸ் ஆகியோர் உருவாக்கினார்கள். இது எந்த அளவுக்குச் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்ற ஆய்வு 2001இல் வெளியானது. 9 கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 27. அதில் 5, 10, 15, 20 என்று கோடுகள் போட்டிருக்கிறார்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த கட்டப் பரிசோதனை தேவை என்பது வழக்கம். 14 'நடுத்தரம்' என்ற பகுதியில் வரும்.

சரி, கூட்டுத்தொகைக்கு முன் ஏன் ஒவ்வொரு கேள்வியின் வரியையும் பார்க்க வேண்டும்? இரண்டு பேர் 14 வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 'எதிலும் ஆர்வம் இல்லை', 'மனம் சோர்ந்திருக்கிறது', 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' ஆகிய மூன்றுக்கும் 3 போட்டு, மீதியைத் தூக்கத்திலும் கவனக்குறைவிலும் வாங்கியிருக்கிறார். இன்னொருவர் தூக்கம், களைப்பு, பசி, கவனம் நான்குக்கும் 3, உடல் பரபரப்புக்கு 2. ஆர்வமும் மனநிலையும் அவருக்கு 0. இந்த இரண்டாமவருக்குத் தைராய்டு குறைவு இருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், வீட்டில் பிறந்து ஒரு மாதமான குழந்தை இருக்கலாம். டிப்ரஷன் என்று முடிவு செய்ய ஆர்வமின்மை, சோர்ந்த மனநிலை இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். அதனால்தான் முதல் இரண்டு கேள்விகளை மட்டும் தனியே எடுத்து பிஎச்க்யூ-2 என்று பயன்படுத்துகிறார்கள். அதில் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மற்ற ஏழையும் கேட்பார்கள். உங்கள் 14 எந்த வரிகளிலிருந்து வந்தது என்று ஒருமுறை பாருங்கள்.

ஒன்பதாவது கேள்வியை மட்டும் கூட்டுத்தொகையை வைத்து எடைபோடக் கூடாது. செத்துவிட்டால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கும் கேள்வி அது. அங்கே 0 தவிர வேறு எது இருந்தாலும், மொத்தம் 6 ஆக இருந்தாலும் கூட, இன்றே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். எண்ணம் வலுவாக இருந்தால் தனியாக இருக்க வேண்டாம்; அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்குப் போங்கள். இந்தப் பதிலின் மீதியை அப்புறம் படிக்கலாம்.

நம்பகத்தன்மைக்கு வருவோம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1000 பேரில் 100 பேருக்கு டிப்ரஷன் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 85 சதவீதத்தையும் இல்லாதவர்களில் 85 சதவீதத்தையும் தாள் சரியாகப் பிரிக்கிறது என்று எடுத்துக்கொள்வோம் (10 என்ற கோட்டில் ஆய்வுகள் காட்டுவதும் ஏறக்குறைய இதுதான்). நோய் உள்ள 85 பேர் மாட்டுவார்கள். இல்லாத 900 பேரில் 135 பேரும் மாட்டுவார்கள். கோட்டைத் தாண்டிய 220 பேரில் பாதிக்கு மேல் நோய் இல்லாதவர்கள்! எல்லோருக்கும் இதைக் கொடுக்கலாமா என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை: அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2016இல் பெரியவர்களுக்குக் கொடுக்கச் சொன்னது, கனடாவின் குழு 2013இல் வேண்டாம் என்றது. ஆனால் நீங்கள் தெருவில் போகும்போது பிடித்து நிரப்பச் சொன்ன ஆள் இல்லையே. ஏதோ சரியில்லை என்று தோன்றித்தான் நீங்களே தேடி நிரப்பியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் விஷயத்தில் 14ஐ நான் இன்னும் கொஞ்சம் கனமாகவே எடுத்துக்கொள்வேன்.

தாள் கேட்காத விஷயங்களும் நிறைய. சமீபத்தில் யாரையாவது இழந்தீர்களா, குடிப்பழக்கம் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எதுவும் அதில் இல்லை. தூக்கக் கேள்வியில் 3 போட்டவர் தூக்கமே வராதவரா, பகலெல்லாம் தூங்குபவரா என்று கூடத் தெரியாது, இரண்டும் ஒரே வரியில் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: முன்பு எப்போதாவது பல நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில், கண்டபடி செலவு செய்து திரிந்த காலம் இருந்ததா என்று அது கேட்பதில்லை. இருந்திருந்தால் அது பைபோலார் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) ஆக இருக்கலாம். அவர்களுக்கு டிப்ரஷன் மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அந்த அதீத உற்சாகம் கிளம்பிவிடும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பிரசவமான பெண் என்றால் இந்தத் தாளை விட 1987இல் வந்த எடின்பரோ கேள்வித்தாள் பொருத்தம். குழந்தை பெற்ற யாருக்கும் இருக்கும் களைப்பையும் பசி மாற்றத்தையும் அது எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. வயதானவர்களுக்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் தாள் தனியாக உண்டு.

தாளின் அடியில் மதிப்பெண் இல்லாத ஒரு கேள்வி இருக்கும்: இவற்றால் வேலை, வீடு, மனிதர்களோடு பழகுவது எவ்வளவு கடினமாகியிருக்கிறது? பலர் அதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து நிரப்புங்கள். 14 வாங்கி 'மிகவும் கடினம்' என்பவரும், 14 வாங்கி 'கடினமே இல்லை' என்பவரும் எனக்கு ஒரே ஆள் இல்லை.

டாக்டரிடம் போகும்போது எண்ணைச் சொல்லாமல் தாளையே கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எப்போது தொடங்கியது என்று எழுதிவையுங்கள். கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் அடுத்த முறை நிரப்பும்போது கை தானாக 9இல் நிற்கப் பார்க்கும். கூட்டாமல் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், கூட்டுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சிகிச்சை ஆரம்பித்த பிறகுதான் கூட்டுத்தொகைக்கு உண்மையான வேலை வரும். சில வாரங்கள் கழித்து மறுபடி நிரப்பும்போது 5 புள்ளியாவது குறைந்திருந்தால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். 14 வெறும் 13 ஆகியிருந்தால், மருந்தையோ அளவையோ பேச்சு சிகிச்சையையோ மாற்ற வேண்டுமா என்று நீங்களே கேட்கலாம்.