கேள்வி–பதில்: பழைய மாதிரி நீராவி ரயில்களை ஓட்டுவதும் மேம்படுத்துவதும்

கேள்வி: என்னிடம் ட்ரையாங் நிறுவனத்தின் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் பழைய நீராவி இன்ஜின் மாதிரி ஒன்று உள்ளது. சில நிமிடங்கள் ஓடியதும் மோட்டார் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, வேகம் குறைந்து நின்றுவிடுகிறது. மோட்டாரை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ட்ரையாங் இன்ஜின்கள் பலவற்றில் உள்ள எக்ஸ்04 மோட்டார், பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டக்கூடிய வகையில் அமைக்கப்பட்டது. கோளாறு மோட்டாரில் உள்ளதா, சக்கரங்களில் உள்ளதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றி அதைத் தனியே எடுத்துவிட்டு, அடிச்சட்டத்தை ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் விரலால் தள்ளிப் பாருங்கள். சக்கரங்கள் தடையின்றி உருண்டால் குறை மோட்டாரில் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் இறுகினால் சக்கரங்களை இணைக்கும் தண்டு வளைந்திருக்கலாம். முழுச் சுற்றிலும் இறுகினால், பல ஆண்டுகளுக்கு முன் விட்ட எண்ணெய் பிசினாகக் கெட்டித்துப் போயிருக்கும். இந்தக் கடைசிக் காரணமே மிகப் பரவலானது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பழைய எண்ணெயை முற்றிலும் நீக்கிய பிறகு, அச்சு ஒவ்வொன்றுக்கும் ஊசிமுனையால் ஒரு துளி எண்ணெய் இட்டால் போதும்.

மோட்டாரில்தான் குறை என்றால், சுழலும் சுருளுக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் உருளையான கம்யூட்டேட்டரைப் பாருங்கள். கார்பன் தூளும் எண்ணெயும் கலந்த கரிய பசை அதன் மூன்று செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள பிளவுகளில் நிரம்பினால், மின்சாரம் சுருளுக்குள் செல்லாமல் அந்தப் பசையின் வழியே குறுக்காகப் பாயும். மரக்குச்சியின் கூரிய முனையால் பிளவுகளைச் சுரண்டி, மேற்பரப்பை ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடையுங்கள். பிறகு மல்டிமீட்டரைக் கொண்டு, துண்டுகளை இரண்டிரண்டாக எடுத்து மின்தடையை அளந்தால் மூன்று அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் சுருளில் பழுது உள்ளது. மீண்டும் பூட்டும்போது, பிரஷ்களை (கம்யூட்டேட்டரைத் தொட்டு மின்சாரம் தரும் கார்பன் துண்டுகளை) அழுத்தும் கம்பிச்சுருளின் ஒரு காலில் மாட்டியிருக்கும் சிறிய மின்காப்புக் குழலைத் தவறவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் மின்சுற்று குறுக்கிடும் (ஷார்ட் சர்க்யூட் ஆகும்).

இத்தனைக்குப் பிறகும் சூடு குறையவில்லை என்றால், காந்தம் வலுவிழந்திருக்கிறது என்று கொள்ளலாம். பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். காந்தம் குறைந்தால் மோட்டார் மெதுவாகத்தானே ஓட வேண்டும் என்று கேட்கிறார்கள். நேர்மாறானதே உண்மை. சுழலும் சுருளில் எழும் எதிர்மின்னழுத்தம்தான் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. காந்தப்புலம் குறையும்போது அந்த எதிர்மின்னழுத்தமும் குறைவதால், சுமையின்றி மோட்டார் விரைந்து சுழலும். சுமை ஏறியவுடன் மின்சாரத்தை மிகுதியாக இழுத்துச் சூடாகும். பழைய அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தங்களை இரும்புத் துருவங்களுக்கு நடுவிலிருந்து வெறுமனே உருவி எடுத்தாலே அவற்றின் வலு குறைந்துவிடும். ஆகையால் சுத்தம் செய்வதற்காக மட்டும் காந்தத்தைக் கழற்றாதீர்கள். வலுவிழந்ததை மீண்டும் காந்தமேற்றலாம், அல்லது அதே இடத்தில் சிறிய நியோடிமியக் காந்தத்தைப் பொருத்தலாம். அளவுக்கு மீறி வலிய காந்தத்தைப் பொருத்தினால் ஆர்மேச்சர் என்னும் சுழலும் பகுதி ஒவ்வொரு துருவத்திலும் ஒட்டி ஒட்டி நகரும். நீராவி இன்ஜினுக்கு அழகு தரும் மெல்லிய புறப்பாடு கெட்டுவிடும்.

கேள்வி: என் பழைய இன்ஜினுக்குப் புதிய ஐந்து துருவ மோட்டார் பொருத்தினேன். ஆனால் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியில் அது மெதுவாகப் புறப்படாமல் ஒரே தாவலாகப் பாய்கிறது. மோட்டார் தரமற்றதா?

பதில்: மோட்டார் மீது பழியில்லை. பழைய பெட்டிகளில் பல, மின்தடைக் கம்பியைக் கொண்டு வேகத்தைக் குறைப்பவை. அத்தகைய தடை எவ்வளவு மின்னழுத்தத்தைக் குறைக்கும் என்பது அதன் வழியே பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. அரை ஆம்பியருக்கு மேல் இழுத்த பழைய மோட்டாருக்கு ஏற்றபடி அமைத்த தடை, அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே இழுக்கும் புதிய மோட்டாருக்கு ஏறத்தாழ முழு மின்னழுத்தத்தையும் விட்டுவிடுகிறது. டிரான்சிஸ்டர் வகைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைப் பயன்படுத்தினால் இந்தத் தாவல் நின்றுவிடும். பழையதை அப்படியே காப்பது என் பொதுவான விருப்பம் எனினும், வீட்டு மின்சாரத்துடன் நேரடியாக இணையும் பழைய டிரான்ஸ்பார்மருக்கு அந்தச் சலுகை கிடையாது. ரப்பர் உறை உதிர்ந்த கம்பிகளைக் கொண்ட பெட்டியை அலமாரியில் காட்சிக்கு வையுங்கள். சுவரில் செருக வேண்டாம்.

கேள்வி: ஹார்ன்பி டப்ளோ மூன்று தண்டவாள இன்ஜினை என்னுடைய இரண்டு தண்டவாளப் பாதையில் ஓட்ட முடியுமா? சக்கரங்களை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: அப்படியே வைத்தால் ஓடாது, வைத்த கணத்திலேயே மின்சுற்று குறுக்கிடும். 1938-இல் அறிமுகமான டப்ளோவில், நடுத் தண்டவாளம் மின்சாரத்தின் ஒரு முனையாகவும் வெளித் தண்டவாளங்கள் இரண்டும் சேர்ந்து மறு முனையாகவும் அமைந்தன. ஆகவே அதன் சக்கரங்களுக்கு மின்காப்புத் தேவைப்படவில்லை. அந்நிறுவனம் 1959-இல்தான் இரண்டு தண்டவாள முறைக்கு வந்தது. மின்காப்புள்ள சக்கரங்களைப் பொருத்தி, மின்சாரம் எடுக்கும் தகடுகளையும் மாற்றினால் ஓட்டலாம். செய்யலாம் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. மூன்று தண்டவாளப் பாதை எங்கும் குறுக்கிடாமல் தனி வளையமாக ஓர் ஓரத்தில் இருக்கட்டும்; அந்த இன்ஜின் அங்கே தன் இயல்போடு ஓடும். மூன்று தண்டவாள முறைக்கே உரிய வசதி ஒன்றும் உண்டு: ரயில் திரும்பி அதே பாதையில் எதிர்த்திசையில் சேரும் வளையங்களில் இரண்டு தண்டவாளக்காரர்கள் படும் மின்முனைச் சிக்கல் இதில் எழுவதே இல்லை.

நடுமுனையில் மின்சாரம் எடுப்பவை எல்லாம் ஒரே குலம் என்று எண்ணிவிடக் கூடாது. மார்க்லின் நிறுவனத்தின் பழைய இன்ஜின்கள் மாறுதிசை மின்சாரத்தில் ஓடுபவை. டப்ளோ நேர்மின்சாரத்தில் ஓடுவது. நிலைக்காந்த மோட்டார் உள்ள டப்ளோவை மாறுதிசை மின்சாரப் பாதையில் வைத்தால் அது நகராமல் அதிர்ந்து, சூடேறிக் கருகிவிடும்.

கேள்வி: என் பழைய ட்ரையாங் இன்ஜின் நேர்ப்பாதையில் நன்றாக இழுக்கிறது, ஏற்றமான வளைவில் நான்கு பெட்டிகளுடன் வழுக்கி நிற்கிறது. சக்கரத்துக்கு அருகில் காந்தம் இருந்தும் பயன் இல்லை.

பதில்: ட்ரையாங்கின் அந்தக் காந்தப் பிடிப்பு எஃகுத் தண்டவாளத்தில் மட்டுமே வேலை செய்யும். நீங்கள் நிக்கல் சில்வர் தண்டவாளம் போட்டிருப்பீர்கள். அதைக் காந்தம் ஈர்க்காது. எஃகுக்குத் திரும்புவதில் எனக்கு உடன்பாடில்லை. துருப்பிடித்து மின்தொடர்பைக் கெடுத்துவிடும். இன்ஜினின் உட்கூட்டில், இயக்கும் சக்கரங்களுக்கு நேர் மேலே ஈயத்துண்டு வைத்து எடையைக் கூட்டுங்கள். முன்னும் பின்னும் சமமாக அமரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிகளின் அச்சுகளைச் சுத்தம் செய்வது அதைவிட மிகுந்த பலன் தரும். வளைவின் உராய்வும் ஏற்றத்தின் சுமையும் ஒன்றாகச் சேரும்போதுதான் இன்ஜின் தோற்கிறது. ஆகவே முடிந்தால் ஏற்றத்தை நேர்ப்பாதைக்கு மாற்றி, முப்பதுக்கு ஒன்று (முப்பது அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம்) என்ற சரிவைவிடச் செங்குத்தாகாமல் அமையுங்கள்.

கேள்வி: போருக்கு முந்தைய இன்ஜின் ஒன்றின் அடிச்சட்டம் வீங்கி, நுண்ணிய விரிசல்களுடன் உதிர்கிறது. ஒட்டலாமா?

பதில்: ஒட்ட முடியாது. வார்ப்பின்போது துத்தநாகக் கலவையில் கலந்துவிட்ட ஈயம் முதலிய மாசுகளால் உள்ளிருந்தே அரிக்கும் நோய் இது. ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். குணமாக்கும் வழி இல்லை. பழுதான வார்ப்பை நீக்கி, மாற்று வார்ப்பு கிடைத்தால் பொருத்துங்கள். மேற்கூடு தகரமாக இருந்தால் அதற்கு ஆபத்தில்லை.

கேள்வி: மின்சாரத்தில் ஓடாமல், உண்மையாகவே நீராவியால் ஓடும் பழைய மாதிரி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. உடனே தீ மூட்டிப் பார்க்கலாமா?

பதில்: மூட்டக் கூடாது. வரலாறு தெரியாத பாய்லரை முதலில் குளிர்ந்த நீரால் சோதிக்க வேண்டும். பாய்லர் முழுவதையும் காற்றுக்குமிழி இல்லாமல் நீரால் நிரப்பி, கைப்பம்பினால் அழுத்தத்தை ஏற்றிக் கசிவு பார்க்கும் இந்தச் சோதனையில், புதிய பாய்லருக்கு இயங்கும் அழுத்தத்தைப் போல் இருமடங்கும், ஏற்கெனவே தேறிய பாய்லருக்கு ஒன்றரை மடங்கும் ஏற்றுவது மாதிரிப் பொறியாளர் வட்டாரங்களில் பரவலான வழக்கம். காற்றைக் கொண்டு ஒருபோதும் சோதிக்காதீர்கள். நீர் அமுங்காது என்பதால் பாய்லர் பிளந்தாலும் ஒரு கசிவோடு முடிந்துவிடும். அமுக்கப்பட்ட காற்று வெடிக்கும். பாதுகாப்பு வால்வின் சுருள் துருவேறி ஒட்டியிருந்தால், தயங்காமல் புதிய வால்வு வாங்குங்கள்.

விளையாட்டு வகை பாய்லர்கள் பலவற்றின் இணைப்புகள் ஈய–வெள்ளீயப் பற்றாசால் ஆனவை. அது 190 டிகிரி செல்சியசை ஒட்டியே உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை தகடு அந்த வெப்பத்தை எட்டாது. நீர் வற்றியதும் சில நொடிகளில் எட்டும். ஆகவே நீர் தீருமுன் எரிபொருள் தீரும்படி, பாய்லரைச் சூடாக்கும் விளக்கை அளந்து நிரப்புவதே ஓட்டும் முறையின் முதல் விதி. பழைய திரிகளிலும் வெப்பக்காப்பு உறைகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், சாம்பல் நிற நார்ப்பொருள் தென்பட்டால் அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ ஊதவோ கூடாது.

சிலிண்டருக்கு நீராவி எண்ணெய் என்று விற்கப்படும் கெட்டியான எண்ணெயே ஏற்றது. தையல் இயந்திர எண்ணெய் அந்த வெப்பத்திலும் ஈரத்திலும் உடனே கழுவப்பட்டுவிடும். எண்ணெய்க் குப்பி உள்ள இன்ஜின் என்றால், அதனுள் புகும் நீராவி குளிர்ந்து நீராகி அடியில் தங்க, மிதக்கும் எண்ணெய் சிறிது சிறிதாக மேலெழுந்து நீராவியோடு சிலிண்டருக்குச் செல்லும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் குப்பியில் தேங்கிய நீரை வடித்துவிட்டு எண்ணெயை நிரப்புங்கள்; பாய்லரில் மீந்த நீரையும், அது ஆறியபின் கொட்டிவிடுங்கள்.