யூஎஸ்பி கீபோர்டை ஆர்டுயினோல மாட்ட அந்த ஊதா கலர் கன்வெர்ட்டர் போதுமா?

கேள்வி: ஃபைனல் இயர் இசிஇ படிக்கிறேன் சார். புராஜெக்டுக்காக ஆர்டுயினோ ஊனோங்கிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டுல கம்ப்யூட்டர் கீபோர்டு மாட்டணும். புது யூஎஸ்பி கீபோர்டும், அதை பிஎஸ்2ங்கிற பழைய ரவுண்டு பின் போர்ட்ல மாட்டுற ஊதா கலர் கன்வெர்ட்டரும் வாங்கினேன், கடைக்காரர் கண்டிப்பா ஓடும்னார். ஒரு எழுத்துகூட வரல. போர்டு போயிடுச்சா?

பதில்: போர்டு போயிருக்காது தம்பி, பயப்படாதீங்க. ஏமாத்துறது அந்த கன்வெர்ட்டர்தான். அதை உடைச்சுப் பார்த்தா உள்ள ஐசி, அதாவது சிப் எதுவும் இருக்காது, ஒயர் மட்டும்தான், அது எதை கன்வெர்ட் பண்ணும்? இதை எத்தனை பேர் தலையில கட்டுறாங்கன்னு பார்க்கும்போது வயிறு எரியுது.

பிஎஸ்2 கீபோர்டு தானே கிளாக், அதாவது தாளம் தட்டுற மாதிரி பல்ஸ் குடுத்து ஒவ்வொரு பைட்டையும் 11 பிட்டா அனுப்பும். 'ஏ' அமுக்கினா 1சின்னு ஹெக்ஸ் கோடு வரும், விட்டா எஃப்0, 1சி. ஆர்டுயினோ அதை எண்ணிக்கிட்டா போதும். யூஎஸ்பி அப்படி இல்ல, எதிர்ல இருக்கிற ஹோஸ்ட், அதாவது கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு கேட்டாத்தான் கீபோர்டு வாயைத் திறக்கும், ஊனோவுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது.

ஆனா சில யூஎஸ்பி கீபோர்டுல, முக்கியமா பழசுல, உள்ள இருக்கிற சிப்புக்கே ரெண்டும் தெரியும், ஆன் ஆகும்போது எந்தப் பக்கம் மாட்டியிருக்குன்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும், அந்த மாதிரி கீபோர்டுக்கு மட்டும்தான் இந்த கன்வெர்ட்டர் ஓடும். உங்களுது அந்த ரகமான்னு பார்க்க, பிஎஸ்2 போர்ட் இருக்கிற பழைய கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு கன்வெர்ட்டரோட மாட்டி ஆன் பண்ணுங்க. டைப் ஆச்சுன்னா கீபோர்டு ஓகே, உங்க ஒயரிங்லயோ புரோகிராம்லயோதான் தப்பு. ஆகலைன்னா இந்த மாதிரி வெறும் ஒயர் கன்வெர்ட்டர் எதை மாத்தினாலும் ஆகாது, மறுபடி காசைக் கொட்டாதீங்க.

சுலபமான வழி, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஒரிஜினல் பிஎஸ்2 கீபோர்டு வாங்குங்க. அதோட பிளக்ல பின் 4 அஞ்சு வோல்ட், 3 கிரவுண்டு, 1 டேட்டா, 5 கிளாக். கிளாக்கை ஊனோவோட பின் 2 இல்லன்னா 3ல குடுங்க, சிக்னல் வந்த உடனே புரோகிராமைக் கூப்பிடுற இன்டரப்ட் அங்கதான் இருக்கு. டேட்டா, கிளாக் ரெண்டுலயும் அஞ்சு வோல்ட்டுக்கு 4.7கே இல்லன்னா 10கே ரெசிஸ்டரை புல்அப்பா போடுங்க. கேபிளை வெட்டினா கலரை நம்பவே நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எந்த ஒயர் எந்தப் பின்னுக்குப் போகுதுன்னு மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி பார்த்துட்டு மாட்டுங்க. யூஎஸ்பிதான் வேணும்னா ஊனோ மேல மாட்டுற, மேக்ஸ்3421இ சிப் இருக்கிற யூஎஸ்பி ஹோஸ்ட் ஷீல்டு போர்டு வாங்கணும்.

இன்னொண்ணு, இதை புராஜெக்ட் சென்டர்ல குடுத்துடலாம்னு யாராவது சொன்னா போகாதீங்க. ஆயிரக்கணக்குல வாங்கிட்டு போன வருஷம் வேற பையனுக்குக் குடுத்த அதே புரோகிராமை உங்களுக்கும் தருவாங்க, வைவால ஒரு கேள்வி கேட்டா நிக்க முடியாது. பசங்களையும் குத்தம் சொல்ல முடியல, லேப்ல டிரெய்னர் கிட்ல ஹெக்ஸ் கீபேடை அமுக்க வெச்சு ரெக்கார்டு நோட்ல கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுன்னு விட்டுடுறாங்க, ஒரு கீபோர்டைப் பிரிச்சுக் காட்ட அங்க யாருக்கும் நேரம் இல்ல.

முதல்ல லேப்ல அந்த டெஸ்டைப் பண்ணுங்க. ஓடலைன்னா பில்லோட போய் கன்வெர்ட்டரைத் திருப்பிக் குடுத்து காசைக் கேளுங்க, ஓடும்னு சொல்லி வித்தது அவர்தானே.