விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் சட்டத்திடம் என்ன கேட்கலாம்: மூத்த வழக்கறிஞரின் பதில்கள்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரை வேய்ந்த வகுப்புகளுக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அவ்வழக்கை ஒட்டி எழுந்த கேள்விகள் இவை.

கேள்வி: அரசு அமைத்த விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்த பிறகும் தீர்ப்புக்குப் பத்தாண்டுகள் ஏன்?

பதில்: ஆணையம் வேறு, குற்றவியல் நீதிமன்றம் வேறு. 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டப்படி, ஆணையத்தின் முன் ஒருவர் அளித்த வாக்குமூலத்தை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர, அவருக்கு எதிராக எந்த வழக்கிலும் பயன்படுத்த முடியாது. எனவே நாளிதழ்களில் ஊரே படித்த உண்மையைக் காவல்துறை முதலிலிருந்து மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகளென அறிவித்து, பதினொரு பேரை விடுவித்தது. பள்ளி நிறுவனரின் ஆயுள் தண்டனையை 2017-இல் உயர் நீதிமன்றம், அவர் சிறையில் கழித்த காலமே போதுமெனக் குறைத்தது. பெற்றோரின் மனக்கசப்பு நியாயமானது என்பதே என் கருத்து.

கேள்வி: ஆணைய அறிக்கையை அரசு வெளியிடாமல் வைத்திருக்கலாமா?

பதில்: சட்டப்படி, அறிக்கை கிடைத்த ஆறு மாதத்திற்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்புடன் சட்டப்பேரவையில் வைக்க வேண்டும். கெடு தாண்டினால், உங்கள் தொகுதி உறுப்பினரைக் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். அரசுக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம்.

கேள்வி: குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானால் பெற்றோர் மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: செய்யலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமையைத் தந்தது; அச்சட்டத்தின் இடத்தில் இன்றுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 413-ஆம் பிரிவு. ஆனால் தண்டனை குறைவு என்பதற்காக மட்டும் அந்தப் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்ய இயலாது.

கேள்வி: நிவாரணத் தொகை வாங்கினால் வழக்கு பாதிக்குமா?

பதில்: பாதிக்காது. "இனி வேறு கோரிக்கை இல்லை" என்ற வாசகமுள்ள தாளில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: முதலில் எந்தத் தாள்களை வாங்கி வைக்க வேண்டும்?

பதில்: எஃப்.ஐ.ஆர். (காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை), பிரேதப் பரிசோதனை அறிக்கை, பிறகு குற்றப்பத்திரிகை. நீதிமன்றக் கோப்பிலுள்ளவற்றுக்குச் சான்றிட்ட நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். 1997-இல் 59 பேர் இறந்த தில்லி உப்ஹார் திரையரங்குத் தீ வழக்கில் நீதிமன்றக் கோப்பிலிருந்த ஆவணங்களே சிதைக்கப்பட்டன. உறவுகளை இழந்த குடும்பங்களின் சங்கம் விடாமல் போராடியும், ஆவணங்களைச் சிதைத்த குற்றத்திற்கு 2021-இல்தான் தண்டனை கிடைத்தது.