பி.எஸ்.ஏ. 5.8: புற்றுநோய்தானா?

கேள்வி: வயது 52. கம்பெனி சார்பில் எடுத்த மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் பி.எஸ்.ஏ. 5.8 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. போன மாதம் சிறுநீர் எரிச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டேன். மற்றபடி தொந்தரவு இல்லை. பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்ய வேண்டுமா?
- வாசகர், ஓசூர்

பதில்: அந்த எரிச்சலை எழுதினீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பி.எஸ்.ஏ. என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி விந்துவுக்காகச் சுரக்கும் புரதம். ரத்தத்தில் கொஞ்சம்தான் கசியும். தொற்று, வீக்கம், கட்டி என்று சுரப்பிக்கு எது வந்தாலும் கசிவு கூடும். அது எதனால் என்று ரிப்போர்ட்டில் உள்ள எண் சொல்லாது. பி.எஸ்.ஏ. 4-க்கும் 10-க்கும் இடைப்பட்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும்.

தொற்றுக்கான சிகிச்சை முடிந்து ஆறு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். அதே லேபில் எடுப்பது நல்லது. பரிசோதனை கிட் மாறினால் எண்ணும் மாறும். அதற்கு முந்தைய 48 மணி நேரம் விந்து வெளியேறக் கூடாது, சைக்கிள் மிதிக்கக் கூடாது. வெறும் வயிறு தேவையில்லை. பயோட்டின் (முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் வைட்டமின்) மாத்திரை சாப்பிட்டால் லேபில் சொல்லிவிடுங்கள். சில கிட்களில் அளவைக் குறைத்துக் காட்டும்.

அப்போதும் குறையவில்லை என்றால் யூராலஜிஸ்டைப் பாருங்கள். விரல் பரிசோதனை (ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பது), தேவைப்பட்டால் ஃப்ரீ பி.எஸ்.ஏ. (ரத்தத்தில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பி.எஸ்.ஏ.), பிறகு எம்.ஆர்.ஐ. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ்’ என்று 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் இருக்கும். 1, 2 என்றால் பெரும்பாலும் பயாப்ஸியைத் தவிர்க்கலாம்; 4, 5 என்றால் தள்ளிப்போடாதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுக்காமலே நேராக பயாப்ஸி ஊசி என்றால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

கேள்வி: பஸ் டிரைவர், வயது 47. அப்பாவுக்கு 66 வயதில் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு வந்த பிறகு பார்த்துக்கொண்டால் போதாதா?
- வாசகர், விருதுநகர்

பதில்: போதாது. புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குகிறது. சிறுநீர்ப் பாதை நடுவில் போகிறது. அதனால் ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. இரவில் நாலு முறை எழுந்து போக வைப்பது பெரும்பாலும் உட்பகுதியில் வரும் சாதாரண வீக்கம்.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பு. இவர்கள் 45 வயது வாக்கிலேயே பி.எஸ்.ஏ. பார்க்கத் தொடங்கலாம். விரல் பரிசோதனைக்குக் கூச்சப்பட்டே பலர் போவதில்லை. முதலில் ரத்தப் பரிசோதனை மட்டும் போதும். விரல் பரிசோதனையும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

பிறகு ஏன் எல்லோரையும் எடுக்கச் சொல்வதில்லை? ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வை 23 ஆண்டுகள் தொடர்ந்ததில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 456 பேருக்கு ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. அந்த ஒன்றுக்குக் கூடுதலாக 12 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. அவர்களில் பலருக்கு அது ஆயுசுக்கும் தொல்லை தந்திருக்காது. அறுவை சிகிச்சை செய்தால் சிறுநீர்க் கசிவும் விறைப்புக் குறைவும் வரலாம். ஆபத்து குறைந்த வகை என்றால் உடனே வெட்டாமல், பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ. மூலம் கண்காணித்தே வரலாம். சம்மதிக்கும் முன் டாக்டரிடம் இதைப் பேசிவிடுங்கள். செக்கப் பேக்கேஜில் கேட்காமலே பி.எஸ்.ஏ.வைச் சேர்த்துவிடுவது எங்களுக்கு உடன்பாடில்லை.

கேள்வி: புராஸ்டேட் வீக்கத்துக்கு ஒரு வருடமாக டூட்டாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். வயது 61. பி.எஸ்.ஏ. 2.6. நார்மல்தானே?
- வாசகர், கோவை

பதில்: இரண்டால் பெருக்குங்கள்: 5.2. டூட்டாஸ்டிரைடு, அதே வகையான ஃபினாஸ்டிரைடு இரண்டும் ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ.வைப் பாதியாக்கிவிடும், லேப் ரிப்போர்ட்டுக்கு அது தெரியாது. மாத்திரை சாப்பிடும்போதே எண் ஏறினால் இன்னும் கவனம் தேவை. முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் 1 மி.கி. ஃபினாஸ்டிரைடும் இதே வேலையைச் செய்யும். அதைப் பலர் டாக்டரிடம் சொல்வதே இல்லை. சிறுநீர் எளிதாகப் போகத் தரும் டாம்சுலோசின் மட்டும் என்றால் இந்தக் கணக்கு வேண்டாம்.

கேள்வி: மாமனாருக்கு 74. அவருக்கும் எடுக்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: தொந்தரவு இல்லையென்றால் வேண்டாம். சிறுநீரில் ரத்தம், விடாத இடுப்பெலும்பு வலி, சிறுநீர் அடைப்பு இருந்தால் உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அடைத்து டியூப் போட்ட அன்றே பி.எஸ்.ஏ. எடுத்துவிடாதீர்கள்; எண் எகிறியிருக்கும்.