18 ஆண்டுகள் நின்ற காருக்குச் சாவி போடும் முன்

கேள்வி: என் மாமனார் ஆசையாக வைத்திருந்த 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (துணிக் கூரை கொண்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) 18 ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. துணிக் கூரை கிழிந்துவிட்டது, எஞ்சின் அசையவில்லை. பழைய கார்களை வாங்கி விற்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அடிப்பாகம் கல் மாதிரி இருக்கிறது. பெயிண்ட், புதுக் கூரை, எஞ்சின் வேலை எல்லாம் சேர்த்து ஆறே வாரத்தில் ஓட வைத்துத் தருகிறேன், காரை இன்றே அனுப்புங்கள்" என்கிறார். அவரிடம் கொடுத்துவிடலாமா? அல்லது புதுப் பேட்டரி போட்டு நாங்களே ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பினால், இறுகிப்போன எஞ்சினை உடைந்த எஞ்சினாக்கிவிடுவீர்கள். அவரிடம் அனுப்பினால் ஆறு வாரத்தில் பளபளவென்று ஒரு கார் திரும்பி வரும். அதில் உங்கள் மாமனாரின் கார் எவ்வளவு மிச்சமிருக்கும் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

முதலில் அந்தக் 'கல் மாதிரி' விஷயத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் காருக்குச் சேசிஸ் என்ற தனி அடிச்சட்டம் கிடையாது. உடம்பேதான் எலும்பும். தகரக் கூரை உள்ள கார் என்றால் பாரத்தில் ஒரு பங்கைக் கூரை வாங்கிக்கொள்ளும். உங்கள் கூரை வெறும் துணி. எனவே கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நீளமாக ஓடுகிறதே ஒரு தகரப் பெட்டி, அதுதான் காரை நடுவில் மடியவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பட்டறைக்காரர்கள் அதைச் 'சில்' என்பார்கள். வெளியே ஒரு தகடுதான் கண்ணுக்குத் தெரியும், உள்ளே இன்னும் அடுக்குகள் உண்டு. சேறும் ஈரமும் உள்ளே புகுந்து தங்கிவிடுவதால் துரு உள்ளேயிருந்து வெளியே தின்று வரும். வெளித்தகட்டில் பெயிண்ட் கொப்புளிக்கும் நாளில் உள்ளே பெரும்பாலும் கதை முடிந்திருக்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். கதவை மூடிவிட்டு, அதன் பின்விளிம்புக்கும் உடம்புக்கும் இடையே உள்ள இடுக்கை மேலேயும் கீழேயும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிறகு, கதவுக்கு அடியில் ஜாக்கிக்கென்றே இருக்கும் இடத்தில் ஜாக்கி வைத்து, ஒரு சக்கரம் தரையை விட்டு எழும் அளவுக்கு மட்டும் தூக்கி, இடுக்கை மறுபடி அளங்கள். ஒரு தீக்குச்சித் தடிமனுக்கு அளவு மாறியிருந்தாலோ, கதவு திறக்க முரண்டு பிடித்தாலோ சில் போய்விட்டது. ஜாக்கி தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போனால் அளக்க வேண்டிய வேலையே இல்லை. எப்படியானாலும் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காரின் அடியில் தலையை நீட்டக் கூடாது.

அடுத்து, துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைச் சில் மீது நகர்த்திப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, மேலே பூசிய பட்டி. இந்த வியாபாரத்தில் நடக்கும் மோசடிகளில் முக்கால்வாசி இந்த ஒரு தகரப் பெட்டியில்தான் நடக்கிறது. உளுத்துப்போன பழைய தகட்டை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகடு ஒன்றை ஒட்டவைத்து, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, அடியில் கறுப்புத் தார்ப்பூச்சு தெளித்துவிடுவார்கள். பார்ப்பதற்குத் தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்த மாதிரி இருக்கும். என்னிடம் ஒருமுறை இப்படி 'முழுமையாகப் புதுப்பித்த' கார் ஒன்று வந்தது. கதவு சரியாக மூடவில்லை, கீலைச் சரிசெய்தால் போதும் என்றார் உரிமையாளர். சில்லில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். அது பிடி வரை இறங்கியது. இழுத்தபோது மஞ்சள் நிற நுரை கூடவே வந்தது. சுவர் இடுக்குகளை அடைக்கும் அதே நுரை. தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளே ஊறியிருந்தது. அந்த வேலைக்கு அவர் கையில் ரசீது வேறு இருந்தது, 'சில் மாற்றப்பட்டது' என்று.

நேர்மையாகச் சில் மாற்றியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் காரின் வெளிச்சில் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு முடிவதில்லை. முன்னாலும் பின்னாலும் மட்கார்டுத் தகட்டுக்குப் பின்னே புகுந்து மறைகிறது. அதை ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் போல்ட்டில் நிற்கும் முன் மட்கார்டைக் கழற்றியாக வேண்டும், பின்பக்கத் தகட்டின் அடியைக் கொஞ்சம் வெட்டியாக வேண்டும். "மட்கார்டைத் தொடாமலே சில் போட்டுத் தருகிறேன்" என்று எவராவது சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அதேபோல், பழைய சில்லை வெட்டும் முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய கணத்தில் உடம்பு தொய்யும், தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டு செய்வார்கள், பிறகு ஆயுளுக்கும் கதவு சேராது. "எப்படி முட்டுக் கொடுப்பீர்கள்?" என்று வேலைக்கு முன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் ஆளை மாற்றுங்கள்.

உடம்பு முழுக்கவே போய்விட்டதென்றாலும் கை விரிக்கத் தேவையில்லை. இந்த மாடலுக்கு 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் புது உடம்பே செய்து விற்கிறது. உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கும் கார் இது. "பாகம் கிடைக்கவில்லை, அதனால்தான் தாமதம்" என்று மாதக்கணக்கில் இழுப்பவரை அந்த ஒரு காரணத்துக்காகவே சந்தேகிக்கலாம்.

எஞ்சினைப் பற்றி நீங்கள் படும் கவலையில் பாதி போதும். இவை எளிய, முரட்டு எஞ்சின்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு கரண்டி மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு மெக்கானிக்கை வைத்து, முன்பக்கக் கப்பி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். அசையவில்லையா, இன்னொரு வாரம் ஊறட்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்து மல்லுக்கட்டுவதும், கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வதும் கூடவே கூடாது. சுழல ஆரம்பித்ததும் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். துத்தநாகச் சத்து உள்ள, பழைய எஞ்சின்களுக்கென்றே விற்கும் ஆயிலாக இருக்கட்டும். பிளக்குகளை மாட்டாமலே ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஆயில் பிரஷர் முள் எழுகிறதா என்று பார்த்த பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும்.

பெட்ரோல் டேங்க்கைச் சுத்தம் செய்கிறேன் என்று நேரத்தை வீணாக்காதீர்கள், புதிதாகவே மாற்றிவிடுங்கள். இந்த மாடலில் டேங்க்கின் மேல்பக்கம்தான், டிக்கித் தரைக்கும் டேங்க்குக்கும் நடுவில் சேறு சேர்ந்து, கண்ணில் படாமல் ஓட்டையாகும். ரப்பர் குழாய்கள் அத்தனையும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் புது வகையாக மாற வேண்டும். காலி டேங்க் பக்கத்தில் வெல்டிங் நெருப்பு வரவே கூடாது. உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவி, பெட்ரோல் நிரம்பிய டேங்க்கை விட ஆபத்தானது.

இப்போது பேட்டரி. இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மெக்கானிக்குகளே வழுக்கி விழும் இடம் இது. இன்று சாலையில் ஓடும் கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். உங்கள் 1966ஆம் ஆண்டு காரில் நேர்மாறு. பாசிட்டிவ் முனை உடம்பில், நெகட்டிவ் முனை வயர்களில். இதைப் 'பாசிட்டிவ் எர்த்' என்பார்கள். 1967 கடைசியில் இந்த மாடலின் அடுத்த பதிப்பு வந்தபோதுதான் முறை மாறியது. அப்படியானால் உங்கள் கார் பாசிட்டிவ் எர்த் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யலாமா? கூடாது. இடைப்பட்ட ஆண்டுகளில் யாராவது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி முறையை மாற்றியிருக்கலாம். டைனமோவை வைத்துக்கொண்டே ரேடியோவுக்காக மாற்றியவர்களும் உண்டு. மாற்றியவர்கள் எவரும் ஒரு சீட்டு எழுதி ஒட்டியதாக என் அனுபவத்தில் இல்லை. எனவே ஆண்டை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், எஞ்சின் பக்கம் தொங்குவது டைனமோவா ஆல்டர்னேட்டரா என்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்தால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். அவற்றிலிருந்து உடம்பில் போல்ட் போட்டு இறுக்கிய கேபிள் எந்த முனையிலிருந்து வருகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். பாசிட்டிவா நெகட்டிவா என்று பெரிய எழுத்தில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள்.

தவறினால் என்ன? நவீன மின்னணு இக்னிஷன் பெட்டி ஒரு நொடியில் கருகும். ஆர்.பி.எம். (எஞ்சின் சுழலும் வேகம்) காட்டும் மீட்டரும் 1966ஆம் ஆண்டுக் காரில் மின்னணு வகை, அதுவும் போகும். இன்னொரு காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் இன்னும் மோசம். 'கறுப்பை உடம்பில் மாட்டு' என்று கை பழகியிருக்கும், இந்தக் காரில் அந்தப் பழக்கமே தீப்பொறி. பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துச் சார்ஜ் செய்யுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் தெருமுனை வரை போய்வரத் தோன்றும். பிரேக்கைச் சரிசெய்யாமல் காரை நகர்த்தாதீர்கள். 1966ஆம் ஆண்டுக் காரில் பிரேக்குக்கு ஒற்றைச் சுற்றுதான். நான்கு சக்கரங்களில் எங்கே ஒரு குழாய் கசிந்தாலும் பெடல் தரையைத் தொடும், மிஞ்சுவது கைபிரேக் மட்டுமே. ரப்பர் ஹோஸ் வெளியே கறுப்பாக நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும். மிதிக்கும்போது எண்ணெய் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது, சக்கரம் பிடித்த பிடியை விடாது. ஹோஸ், உலோகக் குழாய், பின்சக்கர சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எதையும் விட்டுவைக்காமல் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்பார்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2304 என்றால் 2004ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். உங்கள் கார் நின்ற காலத்தைக் கணக்கிட்டால் ஸ்டெப்னி உட்பட ஐந்தும் குப்பைக்குத்தான். கம்பிச் சக்கரமாக இருந்தால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேளுங்கள். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும்.

இதையெல்லாம் அரசாங்கத்தின் ஆய்வு நிலையம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். பார்த்துக்கொள்ளாது. சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார். தார்ப்பூச்சுக்கு அடியில் நுரை இருப்பது அவர் கண்ணில் படாது. இந்தக் கார் பிறந்த பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து, பெரிதாக மாற்றியமைக்காத, 40 வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுச் சோதனையே கட்டாயமில்லை என்றாக்கிவிட்டார்கள். வயதான காரை அடிக்கடி சோதிப்பதுதானே முறை? பழைய காரை வைத்திருப்பவர் அக்கறையாக வைத்திருப்பார் என்று ஒரு நம்பிக்கை. 18 ஆண்டு கொட்டகையில் கிடந்த காருக்கும் அதே சலுகைதான். விண்ணப்பத்தில் ஓர் எழுத்து மாறினால் மூன்று முறை அலையவிடும் அலுவலகங்கள், துருவைப் பற்றி ஒரு வரி கேட்பதில்லை. எனவே, சோதனைச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்று அந்த வியாபாரி நீட்டினால் அதை மடித்து உறையில் வையுங்கள், காந்தத்தை எடுங்கள்.

எந்தப் பட்டறைக்கு அனுப்பினாலும் அதற்கு முந்தைய நாள் காரை அக்குவேறு ஆணிவேறாகப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். கார்புரேட்டர் இரண்டு, மீட்டர்கள், இருக்கைகள், எஞ்சின் எண், சேசிஸ் எண் பொறித்த தகடு எல்லாம் படத்தில் இருக்கட்டும். எஸ்.யூ. நிறுவனத்தின் அசல் கார்புரேட்டர்கள் போய், தேய்ந்த வேறு ஜோடி வருவது அடிக்கடி நடக்கிறது. அந்த எண் தகட்டை மட்டும் யாரும் கழற்றி எடுத்துப்போக விடாதீர்கள். துருப்பிடித்த தகடுதானே என்று தோன்றும், அதை வேறொரு காரில் வைத்து விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து இந்த மாடலுக்குச் சான்றிதழ் தருகிறது. கார் எந்த நிறத்தில், எந்த எஞ்சின் எண்ணோடு ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து கிளம்பியது என்பது அதில் வரும். பணம் கட்டி அதை வாங்கி வையுங்கள், வியாபாரியிடம் பேசும்போது மேசை மீது இருக்கட்டும்.

கூரைத் துணியைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் அந்த வியாபாரி முதலில் அதைத்தான் மாற்றுவார், கண்ணுக்குத் தெரிவது அதுதானே. சில் வேலை முடிந்து, கதவும் கண்ணாடியும் தம் இடத்தில் சேர்ந்த பிறகுதான் கூரையை இழுத்து மாட்டிப் பார்க்க முடியும். அதற்கு முன் வாங்கிய கூரை ஒரு பக்கம் தொங்கும், மறுபக்கம் எட்டாது. இந்த வாரம் கதவு இடுக்கை அளந்து, நான்கு அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை அவர் அழைத்தால் தொலைபேசியை எடுக்க வேண்டாம்.