கால்பந்து வீரர் லூயிஸ் சுவாரெஸ் ஐரோப்பாவுக்குச் சென்றதற்குக் காதல்தான் காரணமா?

பெருமளவுக்கு ஆம். 1987-இல் உருகுவேயின் சால்ட்டோ நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த சுவாரெஸ், சிறுவயதிலேயே தலைநகர் மான்டேவிடேயோவுக்குக் குடிபெயர்ந்தார். பதின்ம வயதில் ஆட்டத்தில் கவனம் சிதறியிருந்த அவரை நெறிப்படுத்தியவர் காதலி சோஃபியா என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 2003-இல் சோஃபியாவின் குடும்பம் பார்சிலோனாவுக்குச் சென்றுவிட, அவர் இருக்கும் கண்டத்தை அடைய வேண்டும் என்ற ஏக்கமே சுவாரெஸின் உழைப்புக்கு உரமாயிற்று. 2006-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் அணி அவரை வாங்கியது. 2009-இல் திருமணம் நடந்தது.

நெதர்லாந்தின் அயாக்ஸ் அணிக்குப் பின் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியில் சேர்ந்த அவர், 2013-14 பருவத்தில் ஒரு பெனால்டிகூட இல்லாமல் 31 லீக் கோல்கள் அடித்ததையே நான் அவருடைய உச்சமாகக் கருதுகிறேன். பின்னர் ஸ்பெயினின் பார்சிலோனா அணிக்காக 198 கோல்களும், உருகுவேக்காக 69 கோல்களும் அடித்தார். ஆனால், 2014 உலகக் கோப்பையில் இத்தாலி வீரர் கியெல்லினியைக் கடித்து நான்கு மாதத் தடை பெற்றதை எந்த ரசிகராலும் நியாயப்படுத்த முடியாது. அதற்காக அவர் பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2020-இல் பார்சிலோனா அவரை விடுவித்தபோது, அட்லெட்டிகோ மாட்ரிட்டில் சேர்ந்து 21 கோல்களுடன் அந்தப் பருவத்தின் லீக் பட்டத்தையே வென்று கொடுத்தார்.